நீலத்தாள் சுற்றிய பட்டை

மாட்டுங்கா லேபர் கேம்ப்
2 ஜூன் 2024

சாதனா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுத மாட்டேன். நீயும் அப்படியே பதில் எழுத வேண்டும். உன் நெருள் விடுதியில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று நம் வகுப்பு சஃபீனா சொன்னாள். முகவரியும் அவள்தான் தந்தாள். ஒருவகையில் இது நல்லதுதான். போனில் என்றால் நீ பாதியிலேயே 'அப்புறம் பேசறேன்டி' என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

போன ஞாயிறு அறிவியல் கண்காட்சியில் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நானும் அப்பாவும் வந்தபோது நீ எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தாய். இரும்புச் சட்டம், அதில் தொங்கும் எங்கள் பிளாஸ்டிக் பட்டை, பட்டைமேல் நீலத்தாள், கீழே அரைத்த பாட்டில் சில்லு நிரப்பிய மூட்டை. நம் அட்டையில் நான் எழுதிய தலைப்பு: 'பாலியெஸ்டர் பிளாஸ்டிக்: சூடும் உள்ளமைப்பும் பலத்தை எப்படி மாற்றுகின்றன?' உன் அப்பா முன்வரிசையில் இருந்தார். என் அப்பா கதவோரம் நின்றார். நீ ஆங்கிலத்தில் விளக்கினாய். மூட்டைக்கு அடியிலிருந்த முட்டுக்கட்டையை எடுத்தாய். மூட்டை ஒரு நொடி தொங்கியது. பட்டை 'படக்' என்று அறுந்தது. மூட்டை கிழிந்து சில்லு ஹால் முழுக்கச் சிதறியது. யாரோ ஒருவர், "தாராவி சரக்கு இப்படித்தான்" என்றார். பலர் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை, வாட்சைப் பார்த்தார். என் அப்பா குனிந்து சில்லு பொறுக்கினார்.

பட்டை தாங்கினால் தன் கம்பெனியின் பெட்டிகளைக் கட்ட எங்களிடமே வாங்குவதாக உன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவர்தானே அங்கே கொள்முதல் பார்க்கிறார். அதை நம்பித்தான் என் அப்பா, மற்றவர்களுக்குச் சில்லு அரைத்துக் கொடுப்பதை விட்டு, பட்டை இழுக்கும் மிஷினைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது இது: "ஏளா மாரி, உன் பொஸ்தகம் சொன்னபடிதானே சில்லைக் காயப்போட்டேன்? வெயில்ல காய்ஞ்சது போதும்னேன், நீ கேட்டியா? சூட்டு டிரம்முல போடுங்கன்னே. சில்லு பூரா வெள்ளையாப் போச்சு. இப்ப அறுந்த பட்டையும் வெள்ளை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அதனால் பதினொன்றாம் வகுப்பில் எனக்குச் சயன்ஸ் கிடையாது. "காமர்ஸ் எடு. அதுல தப்புப் பண்ணுனா ஊரு சிரிக்காது" என்கிறார். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். ஜூலை தொடக்கத்தில் கடைசி நாள்.

நான் செய்தது தப்பா என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். பட்டைச் சுருளை மே மாதம் நாங்கள் உன் வீட்டில் கொடுத்தோம், நினைவிருக்கிறதா? உன் அம்மா தந்த காப்பி, என் அப்பா கையிலேயே கிளாஸ் வளைந்து சட்டையில் கொட்டிய நாள். அது மெல்லிய ஜூஸ் கிளாஸ், பாட்டில் செய்யும் அதே பாலியெஸ்டர். சுமார் எழுபது டிகிரிவரை கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும், அதைத் தாண்டினால் ரப்பர்போல் தளரும் என்று நான் விளக்கினேன். உன் அப்பா "பேஷ், பேஷ்" என்றார். எனக்கு அன்று பெருமையில் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த நாளிலிருந்து கண்காட்சிவரை சுருள் எங்கே இருந்தது? அதற்கு என்ன நேர்ந்தது? எல்லாவற்றையும் எழுது.

மாரீஸ்வரி


நெருள்
7 ஜூன்

மாரி,

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சம்மன் வந்த மாதிரி இருந்தது உன் லெட்டர். என் தமிழில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

இங்கே காலை ஐந்தரைக்கு எழுப்பி பிசிக்ஸ் சொல்கிறார்கள். ரூமில் என்னோடு இருக்கிற அஸ்ரின் தூக்கத்திலும் ஃபார்முலா சொல்கிறாள். சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர்.

சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால்கனியில் இருந்தது. வெயில் பட்டிருக்கலாம், மே மாதம்தானே. எனக்கும்தான் அசிங்கமாகிவிட்டது. மைக் பிடித்து நின்றது நான். அதை நீ யோசித்தாயா?

உன் அப்பா சொல்வதும் சரியாக இருக்கலாம் இல்லையா? டிரம் சூடு அதிகமாயிருக்கும். எக்ஸ்பெரிமென்ட் என்றால் தோற்கத்தான் செய்யும். காமர்ஸ் ஒன்றும் கெட்டது இல்லை. எங்கள் நகுல் அண்ணா காமர்ஸ்தான், இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான்.

சாதனா


லேபர் கேம்ப்
12 ஜூன்

சாதனா,

நகுல் அண்ணாவுக்குச் சிங்கப்பூர் கிடைத்ததில் மகிழ்ச்சி. நான் கேட்டது பட்டையைப் பற்றி.

எங்கள் கார்கானாவில், பட்டறையில்தான், அலமாரிக்கு அடியில் ஒரு துண்டுச் சுருள் கிடைத்தது. உனக்குக் கொடுத்த சுருளிலிருந்து நானே வெட்டி வைத்த மீதி. அதே சில்லு, அதே டிரம், அதே மிஷின், அதே நாள். அதில் ஒரு துண்டை உத்தரத்தில் கட்டி, அதே அளவு மூட்டையைத் தொங்கவிட்டேன். இன்றுவரை தொங்குகிறது. நான் அதன்மேல் ஏறி ஊஞ்சலும் ஆடிப் பார்த்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "அரைச் சுருளு தாங்குது, அரைச் சுருளு அறுந்துபோவுது. ஒன் சயன்சும் அரைதாம்ளா" என்றார். பக்கத்து கார்கானா பூதத்தான் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

வெயிலையும் சோதித்துவிட்டேன். மழை வருமுன் இரண்டு நாள் நல்ல வெயில். கூரைத் தகரத்தில் கால் வைக்க முடியவில்லை. அதன்மேல் ஒரு துண்டைக் கிடத்தி வைத்தேன். அதுவும் தாங்கியது. ஆகவே உன் பால்கனி வெயில் காரணம் இல்லை.

நான் யோசித்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. டிரம்மில் சில்லு வெளுத்தது உண்மை. சூட்டில் உள்ளே படிகங்கள் உண்டாகும், அதனால் வெளுக்கும். ஆனால் அதன் பிறகு சில்லை உருக்குகிறோமே. உருகும்போது அந்தப் படிகம் எல்லாம் கரைந்து போய்விடும், பழைய வெளுப்புக்குப் பட்டையில் இடமில்லை. காயவைத்தது ஈரத்துக்காக. ஈரத்தோடு உருக்கினால்தான் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகிப் பலம் போகும்.

உருகியதை மிஷின் நாடாவாக்கி இழுக்கிறது. இழுப்பது தலை சீவுவது மாதிரி. சிக்குப் பிடித்த முடி ஒரே திசையில் படிவதுபோல் சங்கிலிகள் நீளவாக்கில் படிகின்றன. பட்டையின் பலம் முழுதும் அந்தச் சீவலில்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் இழுத்த நிலையிலேயே பிடித்து இன்னொரு முறை சூடு காட்டுவார்கள். அது பின்னி ரிப்பன் கட்டுவது. எங்கள் மிஷினில் அந்த வசதி இல்லை. எங்கள் பட்டை சீவிய முடி, பின்னாத முடி. ரூம் சூட்டில் அப்படியே கிடக்கும். எழுபதைத் தாண்டி நல்ல சூடு பட்டால் சுருண்டு, பழையபடி சிக்காகி, அந்தச் சிக்கிலேயே இறுகி, வெளுத்து, மொரமொரவென்று ஆகிவிடும்.

அறுந்த துண்டு ஒன்றை அன்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்தில் மீதித் துண்டை வைத்துப் பார்த்தேன். அறுந்த துண்டு அகலமாகவும் தடிப்பாகவும் இருக்கிறது. வெளுத்திருக்கிறது. இழுத்து முடித்த பிறகு, அதாவது உன்னிடம் வந்த பிறகு, யாரோ அதற்கு எழுபதுக்கு மேல் சூடு காட்டியிருக்கிறார்கள்.

இஸ்திரி போட்டாயா? கீஸர்மேல் வைத்தாயா? கோபப்பட மாட்டேன்.

இன்னொன்று. பட்டைமேல் நீலத்தாள் சுற்ற வேண்டும் என்று நாம் பேசவே இல்லையே. ஏன் சுற்றினாய்?

மாரீஸ்வரி


நெருள்
17 ஜூன்

மாரீஸ்வரி,

அழகுக்காகச் சுற்றினேன். போதுமா?

என் வீட்டை ஏன் லேபாரட்டரி ஆக்குகிறாய்? கீஸராம், இஸ்திரியாம். எங்கள் வீட்டுக்குள் நீ எத்தனை தடவை வந்திருக்கிறாய்? ஹாலைத் தாண்டி வந்ததே இல்லை. உனக்கு என்ன தெரியும்?

உனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். சில விஷயத்துக்குக் காரணம் இல்லாமல் இருப்பதே நல்லது. படிப்பு இருக்கிறது. இனிமேல் எழுதாதே.

சாதனா


நெருள்
19 ஜூன்

மாரி,

அந்த லெட்டரைப் போஸ்ட் பண்ணின பிறகு இரண்டு நாளாக அதே நினைப்புதான். ஹாலைத் தாண்டி வந்ததில்லை என்று உன்னைக் குத்துவதற்காக எழுதினேன். எழுதின பிறகு படித்துப் பார்த்தால், நீ ஏன் தாண்டி வந்ததில்லை என்று எனக்கே கேள்வி வந்தது.

சொல்லிவிடுகிறேன். அம்மா அதைக் கொதிக்க வைத்தாள்.

நீயும் உன் அப்பாவும் படி இறங்கினதும் நான் சுருளை உள்ளே எடுத்தேன். "அதை உள்ள கொண்டுவராதே. எங்கெங்க பொரண்டுட்டு வந்துதோ. வாசல்லயே வை" என்றாள் அம்மா. அப்புறம் பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து உள்ளே போட்டாள். நான், "அம்மா, அது ப்ராஜெக்ட்" என்றேன். "பிளாஸ்டிக்தானே, அரை மணி கொதிச்சா என்ன, கரைஞ்சா போயிடும்?" என்றாள். நான் அடுப்பை அணைக்கவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொரோனாவில் ஆரம்பித்த பழக்கம் அது. அப்போது எல்லாப் பொருளையும் கழுவினோம். அப்புறம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து வருவதற்கு மட்டும் நிற்கவில்லை. உன் அம்மா தீபாவளிக்கு அனுப்பின முறுக்கு, வீட்டு வேலைக்கு வருகிற பாயிக்குப் போனது. நான் டப்பாவைப் பளபளவென்று தேய்த்துத் தருகிறேன் என்று நீ உன் அம்மாவிடம் என்னைப் புகழ்ந்தாயே, அது நான் தேய்த்தது இல்லை.

வெளியே எடுத்தபோது சுருள் இறுகிச் சுருங்கி, பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். முன்பைவிட விறைப்பாக இருந்தது. விறைப்பு என்றால் பலம் என்று நினைத்துவிட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கலர் மட்டும் உன் கண்ணில் பட்டுவிடுமே, ஏன் என்று கேட்பாயே என்றுதான் நீலத்தாள்.

நீ கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருக்க முடியும், மாரி?

சாதனா


லேபர் கேம்ப்
23 ஜூன்

சாதனா,

விறைப்பு வேறு, பலம் வேறு. கண்ணாடியும் விறைப்பானதுதான். நம் அட்டையில் மூன்றாவது வரி அதுதான். நீதான் ஆங்கிலத்தில் எழுதினாய்.

முறுக்கைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் அப்பாவிடம் நீ சொல்ல வேண்டும். உன் அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டை தாங்கும், அறுந்ததற்குக் காரணம் கொதிநீர், இந்த இரண்டை மட்டும் அவர் என் அப்பாவுக்கு போன் செய்து சொன்னால் போதும். ஆர்டர் தராவிட்டாலும் பரவாயில்லை. நல்ல சரக்கு என்று அவர் வாயால் வர வேண்டும். அப்பா கண்காட்சிக்குப் பிறகு மிஷினை ஓட்டவில்லை. மேலே கோணிப்பை போட்டு மூடிவிட்டார். தினமும் பழையபடி அடுத்தவர் பாட்டிலை அரைக்கிறார்.

மாரீஸ்வரி


நெருள்
29 ஜூன்

மாரி,

இன்று விசிட்டர்ஸ் டே. அப்பா மட்டும் வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்குவரை சொன்னேன். பேசினதை அப்படியே எழுதுகிறேன். நீ அப்படித்தானே கேட்பாய்.

"ஓஹோ" என்றார். கொஞ்ச நேரம் வாட்டர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அப்போ மெட்டீரியல் சரியாத்தான் இருந்திருக்கு."

"ஆமாம்பா. மாரி அப்பாகிட்ட போன் பண்ணிச் சொல்லுங்கோ."

"சொல்லி என்னடி பண்றது? சப்ளைக்கு வேற பார்ட்டியை ஃபைனல் பண்ணியாச்சு. அவர் ஏன் கொதிக்க வெச்சேள்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"உங்கம்மா மனசால கெட்டவ இல்லை. அவ வளர்ந்த விதம் அது. இதைப் போய் ஊர்ல பரப்பினா நன்னாவா இருக்கும்? நீ படிக்கிற வேலையைப் பாரு. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, எப்படியும் முன்னுக்கு வந்துடுவா."

பர்ஃபி டப்பா ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அஸ்ரினுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் வேண்டுமானால் உன் அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதட்டுமா? நான்தான் தெரியாமல் வெந்நீரில் போட்டேன் என்று எழுதுகிறேன். உனக்குச் சயன்ஸ் கிடைத்துவிடும். யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது.

சாதனா


தாராவி, கார்கானா
3 ஜூலை

சாதனா,

யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாத அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இன்று மாலை அப்பா அரவை மிஷினை நிறுத்தியதும், மீதிச் சுருளில் இருந்த கடைசி நீளத்தை இரண்டாக வெட்டினேன். ஒன்றை டீ போடும் சட்டியில் அரைமணி கொதிக்க வைத்தேன். கண்ணெதிரே சுருங்கி, மடங்கி, வெளுத்தது. அப்பா பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தார். இரண்டையும் உத்தரத்தில் கட்டி மூட்டைகளைத் தொங்கவிட்டேன். கொதிக்காதது தாங்கியது. கொதித்தது, அன்று ஹாலில் கேட்ட அதே சத்தத்தோடு அறுந்தது.

அப்பா அறுந்த முனையைக் கையில் எடுத்தார். கண்காட்சியில் அறுந்த துண்டையும் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து வைத்து விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சரக்குல குத்தம் இல்ல" என்றார்.

"இல்லப்பா."

"டிரம்முலயும் குத்தம் இல்ல."

"இல்ல."

"அவிய வீட்லயா கொதிச்சுது?"

உண்மையை மட்டுமே எழுதுவதாகச் சொல்லி ஆரம்பித்தேன். ஆகவே நான் சொன்ன பொய்யையும் எழுதுகிறேன். "தெரியாம வெந்நி பட்டுட்டாம்பா" என்றேன். நீ எழுதுவதாகச் சொன்ன அதே பொய். உன் கடிதம் எனக்கு முந்தாநாளே வந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காக உன்மேல் எவ்வளவு கோபப்பட்டேன் தெரியுமா? அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் அதுதான் வாயில் வந்தது.

அப்பா சிரித்தார்.

"தெரியாமத்தான் பட்டுச்சு. அன்னைக்கு அந்த ஐயாவுக்கு எவர்சில்வர் டம்ளரு, எனக்குத் தூக்கி எறியுத கிளாஸு. அதுவும் தெரியாமத்தான், என்னளா?"

நான் டீச் சட்டியில் இருந்த தண்ணீரை வெளியே ஊற்றினேன்.

"கிளாஸு ஏன் வளைஞ்சுதுன்னு நீ நின்னு வெளக்கம் சொன்னே. எழுவது டிகிரி, ரப்பருன்னு என்னல்லாமோ. அவரும் கையத் தட்டுனாரு. எம்மவ இவ்வளவு சூட்டிகையான்னு நானும் பாத்துட்டுத்தான் நின்னேன். ஏன் எனக்கு மட்டும் அந்தக் கிளாஸுன்னு நீ கேக்கல. நானும் கேக்கல. ஆர்டரு வேணும்லா."

உன் வீட்டு ஹாலில் நான் அவ்வளவு நேரம் பேசினேன், சாதனா. அந்தக் கிளாஸில் இருந்த எல்லாவற்றையும் விளக்கினேன். என்ன பிளாஸ்டிக், எந்தச் சூட்டில் தளரும், ஏன் தளரும், எல்லாம். அப்பாவின் சட்டையில் காப்பி சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

"சாதனா அப்பாவுக்கு போன் போட்டுக் கேக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

"என்னன்னு கேக்க? என் சரக்கத் தீட்டுன்னு அவிச்சுட்டிய, அதனால அறுந்துபோச்சுன்னா? அதக் கேட்டு, அவரு ஆர்டரு தந்து, நான் அந்தப் பட்டைய அவரு பெட்டியில கட்டணுமாக்கும்? ஒண்ணும் வேண்டாம்."

பிறகு விண்ணப்பத்தைக் கேட்டார். சொரிமுத்து என்று தமிழிலேயே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். சயன்ஸ்தான். "படி. ஆனா இனிமே ஏதாவது அறுந்தா, பிளாஸ்டிக்க மட்டும் பாக்காதே" என்றார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கையில் வாங்கியபோது எனக்கு மகிழ்ச்சியே வரவில்லை.

பட்டை மிஷினை நாளை பூதத்தான் அண்ணன் எடுத்துக்கொண்டு போகிறார். சீத்தா கேம்ப்பில் அவர் மச்சானுக்கு வேண்டுமாம்.

நீ அடுப்புக்குப் பக்கத்தில் நின்றதை எழுதினாயே, அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது சொல்ல முடியவில்லை. நீ நல்லவள்தான். உன் அப்பாவும் உன் அம்மாவைப் பற்றி அதையேதான் சொன்னார். சூடு போனதும் கொதித்த பட்டை மறுபடி குளிர்ந்துவிடத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே சங்கிலிகள் பழையபடி சீவி நிற்பதில்லை. அதை மறுபடி அரைத்து, உருக்கி, முதலிலிருந்து இழுக்க வேண்டும். என்னால் இப்போது முடியாது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

உன் நீலத்தாளில் ஒரு துண்டு அறுந்த பட்டையில் ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா கதவுக்கு வெளியே பூட்டோடு நிற்கிறார். இன்னும் ஒரு வரி எழுத நினைத்தேன். அதற்குள் விளக்கை அணைக்கச் சொல்கிறார்.